நூறு சிசி வண்டிக்கும் காற்றுத் தடுப்பு வேண்டும்: இரு சக்கர வாகன நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

100, 125 சிசி வண்டிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், எந்த வண்டியில் என்ன இருக்கும் என்று முடிவெடுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். தினமும் வேலைக்கு ஓட்டும் சாதாரண பைக்குகளுக்கு, கம்பெனியே வடிவமைத்து, கம்பெனியே சோதித்து, ஷோரூமிலேயே மாட்டித் தரும் ஒரு காற்றுத் தடுப்பு வேண்டும். விண்ட்ஷீல்டு என்றாலே பெரிய டூரிங் வண்டிக்கு உரியது என்ற எண்ணம் உங்களிடம் இருக்கிறது. லடாக் போகிறவர் வருடத்துக்கு ஒருமுறை போகிறார். வேலைக்குப் போகிறவர் வாரத்துக்கு ஆறு நாள், வருடம் முழுக்கப் போகிறார். காற்றில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பது யார் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வள்ளியூரில் குடியிருந்து நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை என்று போகும் சாலை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்துக்கு அருகில் விட்டிருக்கும் இடைவெளிதான் ஆரல்வாய்மொழிக் கணவாய். அரபிக்கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருங்கி, வேகம் பிடித்து, கிழக்கே பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாடிகள் நிற்பதற்கு அதுதான் காரணம். ஏறக்குறைய 1500 மெகாவாட் திறனோடு, இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று அது. வைகாசி முதல் புரட்டாசி வரை அந்தக் காற்றாடிகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுக்குள்தான் நாங்கள் வண்டி ஓட்டுகிறோம். பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், கடை ஊழியர்கள், தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவை 100 சிசிதான்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது ஓட்டுகிறவரின் உடம்பில் என்னவாக இறங்குகிறது என்று பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில், காற்றே இல்லாத நாளில்கூட, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சராசரி ஆளின் நெஞ்சிலும் தோளிலும் தலையிலும் ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும். எதிரே 30 கிலோமீட்டர் வேகக் காற்றும் சேர்ந்தால் அது 15 கிலோவாகிவிடும். காவல்கிணற்றிலிருந்து மேற்கே திரும்பியதும் தோவாளை தாண்டும்வரை அந்த 15 கிலோவை வயிற்றுத் தசையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைகளாலும்தான் தாங்க வேண்டும். கழுத்து முன்னால் நீள்கிறது, தோள் இறுகுகிறது, மணிக்கட்டு மரத்துப்போகிறது. வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் வேலை பார்த்த அசதி வந்துவிடுகிறது. வண்டியின் நிலைமையும் அப்படித்தான். 100 சிசி எஞ்சினின் சக்தி மொத்தமே 8 குதிரைத்திறன் அளவுதான். அந்த எதிர்க்காற்றில் 60ஐப் பிடித்து நிறுத்தவே அதில் பெரும்பகுதி போய்விடும். டாப் கியரில் இழுக்காது. மூன்றாவது கியருக்கு இறங்கித்தான் போக வேண்டும்.

எதிர்க்காற்று அசதியைத் தரும், பக்கக்காற்றோ ஆளைக் கீழே தள்ளும். வள்ளியூரிலிருந்து காவல்கிணறு வரை சாலை தெற்கு நோக்கிப் போகிறது, காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. வண்டி நேராகப் போக வேண்டுமானால் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே ஓட்ட வேண்டும். அப்போது ஒரு பேருந்து வலப்பக்கமாக முந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காற்றை மறைத்த கணத்தில், சாய்ந்திருக்கும் வண்டி அந்தப் பேருந்தை நோக்கியே இழுபடும். சமாளித்து நிமிர்வதற்குள் பேருந்து கடந்துவிடும். உடனே காற்று மறுபடி அடித்து இடப்பக்கம், சாலை ஓரத்து மண்ணுக்குத் தள்ளும். சாயங்காலம் வடக்கே திரும்பும்போது காற்று இடப்பக்கம். அப்போது அது தள்ளுவது ஓரத்துக்கு அல்ல, லாரி வரும் தடத்துக்கு. இந்தச் சாலையில் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இதைப் பற்றி இன்னும் எழுதுவேன், ஏனென்றால் நான் கேட்கும் தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இரைச்சலையும் சொல்ல வேண்டும். ஹெல்மெட்டின் கீழ் விளிம்பில், கழுத்தருகே காற்று சுழலும்போதுதான் அந்த இரைச்சல் பெரும்பாலும் பிறக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 டெசிபெல் அளவுக்குப் போகும். வண்டி 60இல் போனாலும், 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் காதுக்கு அது 90 கிலோமீட்டர் வேகம்தான். 85 டெசிபெலில் 8 மணி நேரம், அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதி என்பது அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். பட்டறையில் இந்தச் சத்தம் இருந்தால் காதடைப்பான் கொடுக்க வேண்டும் என்பீர்கள். சாலையில் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் ஜனங்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகளைப் பாருங்கள். ஜெர்கினைப் பின்பக்கம் முன்பக்கமாக மாற்றிப் போட்டு, முதுகில் ஜிப்பைத் திறந்தபடி விட்டு ஓட்டுகிறார்கள். நெஞ்சுக்கு மேல் காற்று நுழைய இடமில்லாமல் போகும் என்பதற்காக. மார்கழி விடியற்காலையில் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைக்கிறவர்கள் உண்டு. ஹெல்மெட்டுக்குள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கோடையிலும் காற்று சுகமல்ல. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிய சித்திரை மதியத்தில், வேகமாக அடிக்கும் காற்று வெப்பத்தையும் உடம்புக்குக் கொண்டுவரும், வியர்வையைச் சீக்கிரம் உலர்த்தி உடம்பின் தண்ணீரையும் குறைக்கும்.

கடையில் விண்ட்ஷீல்டு கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் போன வருடம் ஒன்றை வாங்கி மாட்டினார். ஒரே அளவில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற அக்ரிலிக் தகடு. இரண்டு கிளாம்பு போட்டு, கண்ணாடித் தண்டில் மாட்டியிருந்தது. வேகம் ஏறியதும் தகடு நடுங்க ஆரம்பித்தது. கிளாம்பு தளர்ந்து, கண்ணாடி தானாகத் திரும்பிக்கொண்டது. தகட்டின் மேல்விளிம்பு அவர் மோவாய் உயரத்தில் நின்றதால், நெஞ்சில் அடித்த காற்று முழுவதும் விளிம்பைத் தாண்டி ஹெல்மெட்டில் மோதி, தலையை ஆட்டியது. இரைச்சலும் முன்னைவிடக் கூடிவிட்டது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆடி மாதம் பணகுடி பக்கம் ஒரு பக்கக்காற்று தகட்டைப் பிடித்து ஹேண்டில்பாரையே திருப்பியது. மறுநாள் கழற்றிவிட்டார்.

தகடு மட்டும் குற்றவாளி இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டும் எந்தப் பெரிய தடுப்பும் பக்கக்காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பத்தான் செய்யும். சேஸிஸில், அதாவது வண்டியின் சட்டகத்தில் மாட்டினால் காற்றின் தள்ளல் முழு வண்டிக்கும் போகும், கைக்கு வராது. ஆனால் சேஸிஸில் மாட்ட வேண்டுமானால் அதற்கான துளையும் தாங்கியும் வண்டி பிறக்கும்போதே இருக்க வேண்டும். அதை மெக்கானிக்கால் வெல்டிங் வைத்துச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எது மாற்றம், எது வெறும் துணைப்பொருள் என்று சாலையில் நின்று வாதாட எங்களால் முடியாது. வாரண்டி போகும் என்ற பயம் வேறு. நீங்கள் கொடுத்த பாகம் என்றால் இந்தக் கேள்வியே எழாது.

இது புதிய யோசனையும் அல்ல. 1958இல் ஹோண்டா சூப்பர் கப் வந்தபோதே ஓட்டுகிறவரின் காலுக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசம் இருந்தது. அது 50 சிசி வண்டி. வேலைக்குப் போகிறவர் மீது காற்றும் சேறும் படக் கூடாது என்று நினைத்துச் செய்தார்கள். 2017இல் அந்த வரிசை 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. 1976இல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வண்டிக்கு இத்தாலியில் பினின்ஃபரீனா வடிவமைப்பு நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை ஊதிச் சோதிக்கும் கூடத்தில்) சோதித்து, முன்பக்கத்தை மூடும் முழு ஃபேரிங் கொடுத்தார்கள். நம் ஊரில் லாம்ப்ரெட்டாவிலும் சேத்தக்கிலும் உயரமான கண்ணாடித் தகடு மாட்டி ஆபீஸ் போனவர்களை எங்கள் அப்பா தலைமுறை பார்த்திருக்கிறது. நமக்கு அது பழக்கமான பொருள்தான், இடையில் விட்டுப்போயிற்று. இப்போதும் பிளாட்டினா போன்ற விலை குறைந்த வண்டியில் கம்பெனியே கைக்காப்பு கொடுத்திருக்கிறது. குளிரில் விரல் விறைக்காமல் இருக்க அது எவ்வளவு உதவும் என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த யோசனையைச் செய்தவர்களைப் பாராட்டுகிறேன். கையோடு நின்றுவிட வேண்டாம், நெஞ்சுக்கும் வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பின்னால் உட்காருகிறவரின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க சாரி கார்டு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கால் வைக்க ஃபுட்ரெஸ்டும் அதே விதியில்தான் இருக்கின்றன. அதனால் எல்லா பைக்கிலும் அவை வந்தன. யாரும் அழகு கெட்டது என்று வாங்காமல் விடவில்லை. காற்றுக்கு அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, எப்படிப்பட்ட தடுப்பு? பெரிதாக வேண்டாம். ஹெட்லைட் டூமுக்கு மேலே, சேஸிஸில் ஊன்றிய, நெஞ்சையும் தோளின் உட்பகுதியையும் மறைக்கிற அளவு போதும். மேல்விளிம்பு பார்வைக்குக் கீழே நிற்க வேண்டும். மழையில் தகடு வழியாகப் பார்த்து ஓட்டக் கூடாது, அதற்கு மேலே பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே உயரம் சரிவராது என்பதால் மூன்று நிலைகளிலாவது ஏற்றி இறக்கும் வசதி வேண்டும், அதுவும் வீட்டிலிருக்கும் சாதாரண ஸ்பேனரால் முடிய வேண்டும். தகட்டுக்கும் டூமுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அந்த வழியாக நுழையும் காற்று, தகட்டுக்குப் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தத்தை நிரப்பும், ஹெல்மெட்டில் சுழல் அடிப்பது குறையும். கோடையில் உடம்புக்குக் கொஞ்சம் காற்று வரவும் அதுவே வழி. பாலிகார்பனேட்டில் செய்யுங்கள். அக்ரிலிக் போல அது உடைந்து சில்லாகாது. கீறல் விழும் என்பது உண்மை, அதற்குத்தான் மேல்பூச்சு இருக்கிறது. பெட்ரோல் பட்ட துணியால் துடைக்கக் கூடாது என்று அதிலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மைலேஜ் குறையும் என்று உங்கள் விற்பனைப் பிரிவு சொல்லும். எங்களுக்கும் மைலேஜ்தான் உயிர், அதனால் அந்தக் கவலையைத் தள்ளிவிடவில்லை. ஆனால் இப்போது காற்றைத் தடுத்துக்கொண்டிருப்பது நிமிர்ந்து உட்கார்ந்த மனிதனின் நெஞ்சு. அதைவிட வழவழப்பாகக் காற்றைப் பிரிக்கிற ஒரு சிறு தகட்டை உங்கள் பொறியாளர்களால் செய்ய முடியும் என்று நம்புகிறேன். விலை கூடும் என்பதும் தெரியும். வேண்டாதவர்களிடம் திணிக்க வேண்டாம். துளையும் தாங்கியும் எல்லா வண்டியிலும் இருக்கட்டும், தகடு வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். உடைந்தால் தகடு மட்டும் தனியாக, வள்ளியூர் மாதிரி ஊரின் ஸ்பேர் கடையிலும் கிடைக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோதனை ஓட்டத்தை மூடிய தடத்தோடு முடித்துக்கொள்ளாதீர்கள். வரும் ஆனி, ஆடியில் உங்கள் ஆட்களைச் சோதனை வண்டி ஒன்றோடு இங்கே அனுப்புங்கள். பணகுடியில் தொடங்கி தெற்கே காவல்கிணறு வரை பக்கக்காற்றில் ஒருமுறை, அங்கிருந்து தோவாளை வரை எதிர்க்காற்றில் ஒருமுறை, முதலில் தகடு இல்லாமலும் பிறகு தகடு மாட்டியும் ஓட்டட்டும். பின்னால் ஒருவரை உட்காரவைத்தும் ஓட்டட்டும், ஏனென்றால் நாங்கள் அப்படித்தான் போகிறோம். அன்று பேருந்துகளும் லாரிகளும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக்கும் ஹேண்டில்பாரில் விசையை அளக்கும் ஒரு கருவியும் வைத்து, வந்த எண்களை வெளியிடுங்கள். உயரம், கோணம், இடைவெளி எல்லாவற்றையும் அந்த எண்களை வைத்து முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
வள்ளியூர்–நாகர்கோவில் சாலையில் தினமும் வண்டி ஓட்டும் ஒருவர்