ஒரு நொடி மௌனமும் கட்டளைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைக்கும் டயல்-அப் மோடம் பற்றி வந்த கட்டுரையில், இணைப்பைத் துண்டிக்க "+++ தட்டி என்டர் அழுத்தி, பிறகு ஏடிஹெச் கொடுக்க வேண்டும்" என்று இருக்கிறது. ஹேய்ஸ் முறையைப் பின்பற்றும் மோடத்தில் அப்படிச் செய்தால் இணைப்பு அறுபடாது. மூன்று கூட்டல் குறிகளும் என்டரும் மறுமுனைக் கணினிக்கு வெறும் தரவாகப் போய்ச் சேரும்.

கணினியிலிருந்து மோடத்துக்குக் கட்டளை போவதும் தரவு போவதும் ஒரே கம்பியில்தான். இணைப்பு கிடைக்கும்வரை, தட்டுவதையெல்லாம் மோடம் கட்டளையாகப் படிக்கும். திரையில் "கனெக்ட்" என்று வந்துவிட்டால், வருவதை அப்படியே ஒலியாக்கி அனுப்பிவிடும். பிறகு அதன் கவனத்தை எப்படித் திருப்புவது? 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் இதற்கு வழி சொன்னது: ஒரு நொடி எதுவும் அனுப்பாமல் இருந்து, +++ அனுப்பி, மறுபடியும் ஒரு நொடி சும்மா இருக்க வேண்டும். அனுப்பும் கோப்புக்குள் தற்செயலாக +++ வந்தாலும் அதன் முன்னும் பின்னும் எழுத்துகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் மோடம் ஏமாறாது. என்டர் தட்டினால் பின்பக்க மௌனம் கலைந்துவிடுகிறது. கட்டுரையின் பிழை அதுதான்.

சரியாகச் செய்தால் "ஓகே" வரும். அப்போதும் இணைப்பு உயிரோடுதான் இருக்கும். ஏடிஹெச் கொடுத்தால் அறுபடும். ஏடிஓ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மௌனத்தின் நீளம், மோடத்துக்குள் அமைப்பு மதிப்புகளை வைத்திருக்கும் பதிவேடுகளில் எஸ்12 என்பதில் இருக்கிறது. அதன் அலகு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. வழக்கமான மதிப்பு 50.

இந்த மௌனத்துக்கு ஹேய்ஸ் நிறுவனம் 1985இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அதைத் தவிர்க்க விரும்பிய சிலர், மௌனத்தைப் பார்க்காமல் +++ஐத் தொடர்ந்து ஏடி கட்டளை வந்தாலே போதும் என்று மோடம் செய்தார்கள். விளைவை 1990களின் பிற்பகுதியில் பலர் அனுபவித்தார்கள். "+++ஏடிஹெச்0" என்ற எழுத்துகளை உள்ளே வைத்து ஒருவருக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பினால், அவருடைய கணினி அதே எழுத்துகளைப் பதிலாகத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் அவருடைய மோடம் வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? மோடம் அதைக் கட்டளை என்று எண்ணித் தானே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். தொடக்கக் கட்டளையில் எஸ்2=255 என்று சேர்ப்பது இதற்கு மருந்து. எஸ்2 என்ற பதிவேட்டில் வழக்கமாக இருப்பது கூட்டல் குறியின் ஆஸ்கி எண் (எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்), 43. அது 127ஐத் தாண்டினால், +++ஆல் கட்டளை நிலைக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

ஏடி என்ற எழுத்துகளை 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டுரை நகர்ந்துவிட்டது. அழகே அந்த இரண்டு எழுத்துகளில்தான் இருக்கிறது. பெரிய எழுத்து 'ஏ'யின் (A) கடைசி பிட் 1. கம்பியில் முதலில் போவது அதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் போகும் ஸ்டார்ட் பிட் 0 என்பதால் உடனே 0, 1 என்று ஒரு மாற்றம் கிடைக்கிறது. அந்த 0 எவ்வளவு நேரம் நீடித்தது என்று அளந்தால் கணினி அனுப்பும் வேகம் தெரிந்துவிடும்: நொடிக்கு 300 பிட் என்றால் சுமார் 3.3 மில்லிநொடி, 1200 என்றால் 0.83. ஏழு பிட்களில் 'ஏ'க்கு இரண்டு ஒன்றுகள், 'டி'க்கு (T) மூன்று. ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை. ஆகவே இரண்டின் பேரிட்டி பிட்டையும் (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டையாகவோ ஒற்றையாகவோ ஆக்கச் சேர்க்கும் பிட்) ஒப்பிட்டால் 0,1 இரட்டைப் பேரிட்டி. 1,0 ஒற்றைப் பேரிட்டி. இரண்டையும் பெரிய எழுத்தாகவோ இரண்டையும் சிறிய எழுத்தாகவோ தட்ட வேண்டும். கலந்தால் மோடம் பேசாமல் இருந்துவிடும்.

டயல் செய்யும் கட்டளையில் ஏடிக்குப் பின் இரண்டு 'டி' வரும். தமிழில் எழுதும்போது குழப்பம்தான்: முதலாவது (D) டயலுக்கு, இரண்டாவது (T) டோனுக்கு. எண்ணுக்கு நடுவே ஒரு காற்புள்ளி வைத்தால் இரண்டு நொடி நிற்கும். உள்தொடர்பு இணைப்பகத்தின் டயல் டோனை மோடம் அடையாளம் காணாமல் "நோ டயல்டோன்" என்று அடம்பிடித்தால், டயல் டோனுக்குக் காத்திராதே என்று சொல்லும் எக்ஸ்3 சேர்க்க வேண்டும். மோடத்தைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் ஏடிஇசட் கட்டளையைத் தனி வரியில் கொடுத்து "ஓகே" வரும்வரை காத்திருப்பது நல்லது. அதே வரியில் பின்னால் எழுதுவதைப் பல மோடங்கள் கண்டுகொள்வதில்லை.

இவை பழங்கதை அல்ல. சிம் அட்டை போடும் மோடங்கள் இன்றும் ஏடி கட்டளைகளைத்தான் கேட்கின்றன. அவற்றுக்கு நிரல் எழுதுவோர் +++ஐ வரி முடிவுக் குறி சேர்க்கும் கட்டளையால் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று திகைக்கிறார்கள். வரி முடிவு இல்லாமல் அனுப்பி, முன்னும் பின்னும் ஒரு நொடிக்குச் சற்று அதிகமாக இடைவெளி விட்டால் "ஓகே" வந்துவிடும். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்