நைனா கேட்ட கேள்விக்கு

பெர்கன், நார்வே, நவம்பர் 9

அன்புள்ள நைனாவுக்கு,

போன வாரம் போனில், "கடல் தண்ணியில உப்பு இருக்குதுன்னு ஊருக்கே தெரியும், அதைப் போய் தெனமும் அளந்து என்னா பண்ணப் போறீங்க பாப்பா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், லைனும் விட்டு விட்டு வந்தது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அதே நினைப்பு, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படித்தால் இன்னும் சந்தோஷம்.

இங்கே மழைதான். வருஷத்தில் 200 நாளுக்கு மேல் பெய்கிறது. நம் ஊர் மழை மாதிரி இடி மின்னலோடு கொட்டிவிட்டு விடுவதில்லை, காலையில் பிடித்த தூறல் ராத்திரி வரைக்கும் நிற்காது, யாரும் குடையைக்கூட பெரிதாக எடுப்பதில்லை. அடுத்த மாதம் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மதியத்திலேயே சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரிதான் ஏறுமாம். விரிஞ்சிபுரம் கோயிலில் மணி காட்டும் கல் மேல் குச்சி வைத்து நிழல் எந்த எண்ணில் விழுகிறது என்று நீங்கள் எனக்குக் காட்டினீர்களே, அந்தக் கல்லை இங்கே கொண்டுவந்து வைத்தால் பாதி வருஷம் அதற்கு வேலையே இருக்காது. சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஈழத்து அக்கா ஒருவர் கடை வைத்திருக்கிறார், கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கிறது. 30 வருஷத்துக்கு முன்னால் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர், "சுகமா இருக்கிறீங்களோ பிள்ளை" என்று அவர் கேட்டால் எனக்கு அன்றைய நாள் நல்லபடியாகப் போகும்.

சரி, வேலைக்கு வருகிறேன். கப்பல் போய்த் திரும்பும்போது பெட்டி பெட்டியாகக் கண்ணாடி பாட்டில்கள் வரும். ஒவ்வொன்றும் 200 மில்லி, ஒவ்வொன்றிலும் கடலின் ஒவ்வொரு ஆழத்துத் தண்ணீர், 50 மீட்டர், 500 மீட்டர், 3000 மீட்டர் என்று. அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே வைத்திருந்து, மெல்லக் குலுக்கி, மெஷினின் குழாயை உள்ளே விட்டு, அதே தண்ணீராலேயே இரண்டு மூன்று தடவை மெஷினைக் கழுவி, அப்புறம்தான் அளவு எடுக்க வேண்டும். மூடி ஓரத்தில் காய்ந்த உப்பு ஒரு பொடி ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பிவிடும், அதனால் திறக்கும் முன் பாட்டில் கழுத்தைத் துடைத்துவிடுவேன். மெஷின் பார்ப்பது உப்பை அல்ல, தண்ணீர் வழியாக மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதைத்தான். கேன் தண்ணீர் போடுகிறவர் பேனா மாதிரி ஒன்றை முக்கி டி.டி.எஸ்., அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று, காட்டுவாரே, அதே வித்தை. நம் போர் தண்ணீரில் 1800 காட்டியதற்கே முகம் சுளித்தோம், கடலில் 35,000 இருக்கும். ஆனால் அந்தப் பேனா நூறு இருநூறு முன்னே பின்னே காட்டினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே ஆயிரம் கிலோ தண்ணீருக்கு இரண்டு கிராம் உப்பு தப்பினாலே திரும்ப அளக்கிறோம்.

ஏன் அவ்வளவு துல்லியம் என்றால், உப்பும் குளிரும்தான் தண்ணீரின் கனத்தை முடிவு செய்கின்றன. தெற்கேயிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் அட்லாண்டிக்கில் மேலாக ஏறி வந்து, இந்த வடக்குக் கடல்களில் குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்கித் தெற்கே திரும்பிப் போகிறது. ஓயாமல் நடக்கிற சுற்று. 26.5 டிகிரி வட அட்சரேகையில் 2004-லிருந்து கருவிகளைக் கட்டி அதை அளக்கிறார்கள், வினாடிக்குச் சுமார் 1.7 கோடி கன மீட்டர் போகிறது. உலகத்து ஆறுகளெல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2021 நவம்பரில் பாலாறு தரைப்பாலத்தின் மேல் ஓடியபோது எவ்வளவு பயந்தோம், அதெல்லாம் இதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர். கிரீன்லாந்து பனி உருகி நல்ல தண்ணீர் இதில் கலந்தால் மேல் தண்ணீர் லேசாகிவிடும், இறங்காது, சுற்று தளரும். அப்படித் தளர்ந்தால் பூமத்திய ரேகைப் பக்கத்து மழைப் பட்டையே தெற்கே நகர்ந்து, நம் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழையும் குறையும் என்றுதான் கணிப்புகள் சொல்கின்றன. ஆடி ஆவணியில் சாயங்காலம் ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருமே, அந்த மழை.

இதில் கணக்குக்காரர்கள் எப்படி வருகிறார்கள் தெரியுமா? குழிவான குண்டானில் கோலியை உருட்டினால் சட்டென்று நடுவில் வந்து நின்றுவிடும், தட்டையான தாம்பாளத்தில் உருட்டினால் வெகுநேரம் அலைந்துவிட்டுத்தான் நிற்கும். கடலும் ஒரு தடுமாற்றத்திலிருந்து மீள முன்பைவிட நேரம் எடுத்துக்கொள்கிறதா என்று பழைய அளவுகளில் தேடுகிறார்கள், அப்படியென்றால் குண்டான் தாம்பாளமாகிறது என்று அர்த்தம். 2023-ல் டென்மார்க்கில் இருவர் இப்படிக் கணக்குப் போட்டு இந்த நூற்றாண்டின் நடுவிலேயே சுற்று நின்றுபோகலாம் என்றார்கள். 2021-ல் வந்த ஐ.நா. காலநிலைக் குழு அறிக்கையோ, 2100-க்குள் அப்படித் திடீரென நிற்காது என்று ஓரளவு நம்பிக்கையோடுதான் சொன்னது. என்னைக் கேட்டால், நேரடியாக அளந்தது 20 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், அதை வைத்துக்கொண்டு வருஷத்தைச் சொல்லி மக்களைப் பயமுறுத்தக் கூடாது, அதற்காக அளப்பதை நிறுத்தவும் கூடாது. இன்னொன்று, மிக அபூர்வமாக நடப்பவற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறையை வளர்த்தவர் சென்னையில் பிறந்த ஸ்ரீனிவாச வரதன். 2007-ல் இதே நாட்டில்தான் அவருக்கு ஏபெல் பரிசு, கணக்குக்காரர்களின் நோபல் மாதிரி, கொடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது நைனா.

குறித்து வைத்தால்தான் பின்னால் வருகிறவன் காரணம் கண்டுபிடிப்பான். இந்த ஊர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த நான்சென் 1893-ல் ஃபிராம் கப்பலைப் பனிக்குள் வேண்டுமென்றே சிக்கவிட்டு அதோடு மிதந்து போனார். பனி, காற்று வீசும் திசையில் போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதைக் கவனித்து எழுதி வைத்தார். பூமி சுழல்வதால்தான் அப்படி என்று எக்மான் என்ற சுவீடன் விஞ்ஞானி 1905-ல் கணக்கில் காட்டினார். அவ்வளவு தூரம் எதற்கு, நம் பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் 35,000 ஹெக்டேர் நிலம் கெட்டுப்போனதென்று வேலூர் வேளாண் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்தது, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணைத் தீர்ப்பில் எடுத்து எழுதி, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது. தண்ணீர் கெட்டது ஊருக்கே தெரியும், ஆனால் யாரோ மண்ணை அளந்து எழுதியிருந்ததால்தான் அது கோர்ட்டில் நின்றது.

அப்புறம் ஒரு ஆச்சரியம் சொல்லிவிடுகிறேன். காவலூரில் மலை மேல் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள் இல்லையா, இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அருகே அதையே கடலுக்கடியில், சுமார் 3450 மீட்டர் ஆழத்தில், வைத்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரி 13 அன்று அண்டவெளியிலிருந்து வந்த ஒரு நியூட்ரினோ, அதாவது எதையும் பெரும்பாலும் தொடாமலே ஊடுருவிப் போகும் நுண்ணிய துகள், மோதியதில் உண்டான ஒளித்தடம் அதில் பட்டது. அதன் ஆற்றல், மனிதன் கட்டிய மிகப் பெரிய துகள் முடுக்கியில் ஒரு புரோட்டானுக்குக் கிடைக்கும் ஆற்றலைவிடச் சுமார் 30,000 மடங்கு. எங்கிருந்து புறப்பட்டது என்று இன்னும் தேடுகிறார்கள்.

ஒரு வேலை கேட்கிறேன், தட்டாமல் செய்யுங்கள். போர் போடுவதற்கு முன் வெள்ளிக்கிழமைதோறும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, எத்தனை முழம் என்று மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதுவீர்களே, அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க விடாதீர்கள். எழுத்து தெரிகிற மாதிரி தம்பியைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடியும் கயிறு விடுங்கள், முழத்தோடு தேதியையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் முழம் எத்தனை அங்குலம் என்று மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
பாப்பா