கொய்யா விவசாயிகள் சங்கம்: ஆயக்குடியில் நடந்த ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்த அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சந்தை நாளிலும் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா வரவு, செலவு, புதிய உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மைத் தூங்கவிடாத வேர்முடிச்சு நூற்புழுவைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கொய்யாவைத் தாக்கும் மெலாய்டோகைன் என்டரோலோபி என்ற இந்தப் புழு நம் நாட்டில் முதன்முதலாகப் பதிவானது 2016-ல், நம் தமிழ்நாட்டுத் தோட்டங்களில்தான். கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள் புகுந்து ஒரே இடத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். இலை செம்பு நிறத்துக்கு மாறும்போது நாம் சத்துக் குறைவு என்று நினைத்து நுண்ணூட்டம் தெளித்துக்கொண்டிருப்போம். புண்பட்ட வேர் வழியாக வாடல் பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் மரம் நின்ற நிலையிலேயே காய்ந்துபோகிறது.

என் தோட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். போன ஐப்பசியில் நானும் மூன்று உறுப்பினர்களும் வெளியூர் நாற்றங்கால் ஒன்றில் லக்னோ-49 ரகக் கொய்யாக் கன்று வாங்கினோம். (பேரில் லக்னோ இருந்தாலும் இது புணே கணேஷ்கிந்தில் தேர்ந்தெடுத்த ரகம், நம் மண்ணுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.) இலை பச்சைப்பசேலென்று இருந்தது, வேரை யாரும் பார்க்கவில்லை. மாசியில் கன்றுகள் துளிர்க்காமல் நின்றபோது ஒன்றைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினேன். வேர் முழுக்க உளுந்து உளுந்தாக முடிச்சு. கடலைச் செடியின் வேர்முடிச்சு நகத்தால் தள்ளினால் உதிரும், அது நல்லது செய்வது. இதுவோ வேரே வீங்கியது. கிள்ளியபோது வேரோடு அறுந்து வந்தது. அன்று சாயங்காலமே அந்த வரிசை முழுவதையும் தோண்டி எரித்தேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதியன் போடும்போது குச்சியில் ஓர் அங்குலம் பட்டை உரித்து, ஈரப் பாசி வைத்து, பாலித்தீன் தாளால் கட்டுகிறோம். வேர் மரத்திலேயே, காற்றில்தான் இறங்குகிறது. அதுவரை அந்தக் கன்றில் புழு கிடையாது. அதை அறுத்து மண் பையில் வைக்கிற நாளில்தான் தொற்றுகிறது. குற்றம் பை மண்ணில். ஆகவே சங்கமே நல்ல தாய்மரங்களில் பதியன் போட்டுக் கன்று தயாரிப்பதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்து, வேலை தொடங்கிவிட்டது. பைக்கான மண்ணைச் சித்திரை வெயிலில் நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள் போர்த்தி, ஆறு வாரம் சூடேற்றினோம். பைகளைத் தரையில் அல்லாமல் மேடை கட்டி அடுக்கியிருக்கிறோம்.

ஏற்கெனவே புழு வந்த தோட்டத்தை முழுதாகச் சுத்தம் செய்ய வழியில்லை, கட்டுக்குள் வைக்கத்தான் முடியும். முட்டையைத் தாக்கும் பர்பூரோசிலியம் லிலாசினம் பூஞ்சையை மட்கிய தொழுவுரத்தில் கலந்து வேர்ப்பகுதியில் இட வேண்டும். ஊடுபயிராகச் செண்டுமல்லி போடலாம், பூ நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும். தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டவே வேண்டாம். அவை இந்தப் புழுவுக்குத் தீனி. "கொய்யா காய்க்கிற வரைக்கும் தக்காளிதானே சோறு போடுது?" என்று ஓர் உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. செண்டுமல்லி வருமானம் அதை ஓரளவுதான் ஈடுகட்டும். மண்வெட்டி, டிராக்டர் கலப்பையைக் கழுவாமல் பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் தருவதையும், ஒரு தோட்டத்து வாய்க்கால் தண்ணீர் அடுத்த தோட்டத்துக்குப் பாய்வதையும் இனி நிறுத்தியாக வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. பழ ஈக்கு மீதைல் யூஜினால் பொறி மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தோம். அது ஆண் ஈயைத்தான் பிடிக்கும் என்பதால், விழுந்த அழுகல் பழங்களைப் பொறுக்கிப் புதைப்பதும் அவசியம். கிளைகளை வெட்டிவிடும் கவாத்துப் பயிற்சி ஒன்று நடந்தது. தைப்பூசத்துக்குப் பழனி வந்த பக்தர்கள் கூட்டத்தால் விலை இறங்காமல் நின்றது. வரத்து கூடிய நாட்களில் அடிமாட்டு விலைக்குத்தான் போனது. குளிர்பதனக் கிடங்கு கேட்டு மீண்டும் மனு கொடுக்கிறோம்.

கன்று தேவைப்படுவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் பதிந்துகொள்ளவும். வாசலில் ஒரு வாளியும் முடிச்சு விழுந்த இரண்டு கன்றும் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் வேரைக் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு அவற்றை எரித்துவிடுவோம். அலசிய தண்ணீரைத் தயவுசெய்து யாரும் தோட்டத்துப் பக்கம் ஊற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்