பத்து மாதம் பொறுத்துக்கொள், பாப்பா

பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டபிறகு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

"டெக்சாஸ் நர்ஸ் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு, கலிஃபோர்னியாவுல புதுசா ஆரம்பிக்கிறேன்மா" என்றாய். கொடுக்காதே. மற்றதெல்லாம் மெதுவாகப் படி, இதை மட்டும் முதலில் கேள். நர்சிங் போர்டு உன்மேல் போட்ட ஒழுங்கு நடவடிக்கை ஆர்டர் நடப்பில் இருக்கும்போது லைசன்ஸை ஒப்படைப்பது வேலையை ராஜினாமா செய்வதுபோல இல்லை. போர்டு அதையும் ஒரு நடவடிக்கையாகவே பதிவு செய்யும். இப்போது உன் பெயருக்கு எதிரே இருப்பது நிபந்தனைகளோடு கூடிய ஓர் எச்சரிக்கை. அந்த இடத்தில் 'ஒப்படைத்துவிட்டார்' என்று வந்தால், பார்க்கிறவன் என்னமோ பெரிதாக நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பான்.

லைசன்ஸை 'மாற்றுவது' என்று எல்லோரும் பேசுகிறோம். உண்மையில் அப்படி ஒன்று கிடையாது. 1993-இல் நான் எழுதியபோது என்கிளெக்ஸ், அதாவது நர்ஸ் லைசன்ஸுக்கான தேர்வு, இரண்டு நாள் நடக்கும், பென்சிலும் தாளும்தான். அதை ஒருமுறை தேறினால் போதும், எந்த மாநிலத்துக்குப் போனாலும் திரும்ப எழுத வேண்டாம். ஆனால் லைசன்ஸ் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுப்பது. பழைய லைசன்ஸை ஆதாரமாகக் காட்டிப் புதிது கேட்பதைத்தான் எண்டார்ஸ்மென்ட் என்கிறார்கள். நான் நியூ ஜெர்சிக்கு வந்தபோது பழைய போர்டு சான்றைக் கவரில் போட்டு அனுப்பியது. வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. இப்போது நர்ஸ்களின் லைசன்ஸ் விவரம் காட்டும் நர்சிஸ் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உன் ஆர்டரும் சேர்ந்தே வந்து நிற்கும். நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க் என்று இன்னொன்று, இப்படிப்பட்ட நடவடிக்கைகளைச் சேர்த்துவைக்கும் தேசியப் பதிவேடு, 1990-இலிருந்து இருக்கிறது. அதில் ஏறியது தானாக அழியாது. ஆக, விண்ணப்பத்தில் 'ஒழுங்கு நடவடிக்கை உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று போடுகிற யோசனை ஓரத்தில்கூட இருக்கக் கூடாது. முதல் தவறைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூட மறைத்ததைப் பொறுக்க மாட்டார்கள்.

உன் தோழி அரிசோனாவைப் பற்றிச் சொன்னாளாம், கம்பாக்ட் மாநிலம், அதாவது ஒரு மாநில லைசன்ஸை மற்றவையும் ஏற்கிற ஒப்பந்தத்தில் சேர்ந்தது, தனி லைசன்ஸே வேண்டாம் என்று. கம்பாக்ட்டில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இருப்பது சரிதான். ஆனால் கட்டுப்பாடு விழுந்த லைசன்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. உன்னுடையது இன்றைக்கு டெக்சாஸுக்குள் மட்டும் செல்லும்.

கலிஃபோர்னியா கம்பாக்ட்டிலேயே இல்லை. வேறு மாநிலத்தில் நடவடிக்கை இருந்தாலே அதைக் காரணம் காட்டி மறுக்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, பிரிவு 2761. மறுத்தே தீருவார்கள் என்று சொல்லவில்லை. ப்ரொபேஷனோடும், அதாவது கண்காணிப்பில் வைத்தும், கொடுக்கலாம், அப்படியே கொடுக்கவும் செய்யலாம். ஆனால் மறுத்தால் அந்த மறுப்பும் டேட்டா பேங்கில் ஏறும். 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று விண்ணப்பிக்கிற விஷயம் இல்லை இது.

உன் ஆர்டரை நான் மூன்று முறை படித்தேன். இரண்டு வருஷம். மாதம் 64 மணி நேரமாவது நர்ஸாக வேலை பார்க்க வேண்டும். டெக்சாஸுக்கு வெளியே பார்க்கிற வேலை கணக்கில் வராது. நீ கிளம்பினால் கடிகாரம் அங்கேயே நின்றுவிடும், ஆர்டர் மட்டும் கூடவே வரும். பதினாலு மாதம் முடித்துவிட்டாய், பாக்கி பத்து. மாப்பிள்ளை சான் ஹோசேக்கு முன்னால் போகட்டும். அவரிடம் நான் பேசுகிறேன்.

இன்னொன்று, உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. 1998-இல் ஒரு ராத்திரி, 10 மில்லிகிராம் மார்ஃபினில் 4 கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தனியாக நின்று சிங்க்கில் கொட்டினேன். மிச்ச மருந்தை இன்னொருவர் பார்க்கத்தான் கொட்ட வேண்டும், ஆனால் சாட்சிக்கு ஆள் தேட நேரமில்லை. கூட வேலை பார்த்தவள் மறுநாள் காலையில், எதையும் பார்க்காமலே, கையெழுத்துப் போட்டாள். நீ செய்ததும் அதேதான். உனக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை, மருந்து எடுக்கிற மெஷினின் கணக்கு காட்டிக் கொடுத்தது. முதன்முதலில் நீ சொன்னபோது 'எப்படிடி இவ்வளவு அஜாக்கிரதை' என்று கேட்டேனே, அந்த வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். இன்றைக்கே ஒரு ஃபைல் போடு. சட்டமும் நெறிமுறையும் பற்றிய அந்த வகுப்பின் சான்றிதழ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் போர்டுக்கு அனுப்பும் அறிக்கைகளின் நகல், கடைசியில் ஆர்டர் முடிந்தது என்று போர்டு தரும் கடிதம். கலிஃபோர்னியாவில் இவைதான் உனக்காகப் பேசும். உன் விளக்கக் கடிதத்தை நீயே எழுது. அன்றைக்கு ஆள் குறைவு, ஏழு நோயாளிகள் என்பது நிஜம். அதற்கு ஒரு வரி போதும். அந்த ராத்திரிக்குப் பிறகு உன் கை எப்படி வேலை செய்கிறது, யாரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு கொட்டுகிறாய், அதை விரிவாக எழுது. அனுப்புவதற்கு முன் லைசன்ஸ் வழக்குகள் பார்க்கிற வக்கீலிடம் ஒருமுறை காட்டு. செலவு என்னுடையது.

அடுத்த மாதம் நான் அங்கே வந்துவிடுகிறேன். உன் ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் குழந்தையை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆர்டரின் ஏழாம் பக்கம் நீ அனுப்பிய படத்தில் மங்கலாக இருக்கிறது. திரும்ப ஸ்கேன் செய்து அனுப்பு.

அம்மா