ராகு காலத்தில் நிலவில் கால் வைத்தவர்: காலண்டர் அச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சிவகாசி காலண்டர் அச்சகத்தாருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி டின்னுக்கு மேலே நீங்கள் அச்சடித்த தினசரி காலண்டர் தொங்குகிறது. மளிகைக்கடைக்காரர் கொடுத்தது. பால் பொங்குவதற்குள் தாளைக் கிழித்து, ராசிபலனை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசிப்பது என் வேலை. பல வருடமாக உங்கள் தாளைக் கிழித்து வருகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்து ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவீர்கள். அதற்குள் இந்தக் கோரிக்கை உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். விஷயம் இதுதான்: ஜூலை மாதத் தாள்களில் இடம் வீணாகிறது. ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோவில் விசேஷங்களை விட்டால் போடுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. காமராஜர் பிறந்த 15ஆம் தேதியை மறக்காமல் போடுகிறீர்கள், சரி. ஆனால் அந்த மாதத்தில் உலகத்தில் நடந்த கூத்துகளை எழுதினால் ஒரு பக்கம் பத்தாது, தாளின் முதுகும் வேண்டும்.

முதலில் நிலவு. அப்பல்லோ 11 கிளம்பியது 1969 ஜூலை 16. நமக்கு ஆடி பிறக்கிற நேரம். ஆடியில் நாம் வாடகை வீடுகூட மாற மாட்டோம், அவர்கள் பூமியையே காலி செய்துகொண்டு புறப்பட்டார்கள். நிலவில் இறங்கிய நாள் ஜூலை 20 என்று எல்லோரும் சொல்வது அமெரிக்கக் கணக்கு. நம் கடிகாரப்படி கலம் இறங்கியது 21ஆம் தேதி அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து தரையில் கால் வைத்தது காலை 8.26. கிழமை? திங்கள். திங்களன்று ராகு காலம்? உங்கள் தாளிலேயே இருக்கிறது: 7.30 முதல் 9 வரை.

யோசித்துப் பாருங்கள். சந்திரன் நவகிரகங்களில் ஒன்று. அப்படியென்றால் உண்மையான கிரகப்பிரவேசம் இதுவரை நடந்த முதல் தடவையே ஆடி மாதத்தில், ராகு காலத்தில் நடந்திருக்கிறது. திங்களுக்குக் கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். அவர்கள் தயிர் எடுத்துப் போனதாகத் தெரியவில்லை. அன்று சந்திராஷ்டமம் யாருக்கு என்பதும் சிக்கலான கேள்வி. சந்திரனே காலுக்குக் கீழே கிடந்தது. இவ்வளவுக்கும் மூன்று பேரும் 24ஆம் தேதி பசிபிக் கடலில் பத்திரமாக வந்து விழுந்தார்கள்.

இதை அச்சடித்தால் ராகு காலம் பார்க்கிறவர்கள் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். என் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவங்க ஊர்ல அப்ப என்ன நேரம்?" என்று கேட்டார். கணக்குப் போட்டேன். கலம் கிளம்பிய ஃப்ளோரிடாவில், அது நிலவில் இறங்கியபோது ஞாயிறு மாலை 4.17. ஞாயிறன்று ராகு காலம் 4.30க்குத்தான் ஆரம்பம். "பாத்தியா, நேரம் பாத்துத்தான் எறங்கியிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார்.

தேதிக் குழப்பம் அமெரிக்கர்களுக்குப் புதிதல்ல. பிரிட்டனிடமிருந்து பிரியும் விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2. வருங்காலத்தார் இந்த ஜூலை 2ஐத்தான் பெருவிழாவாகக் கொண்டாடுவார்கள் என்று தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதினார். விடுதலைப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது 4ஆம் தேதி. பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டதோ ஆகஸ்ட் 2, நம் ஆடிப்பெருக்குச் சமயம். கடைசியில் நிலைத்தது 4. அதன் 50ஆம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்றே, சில மணி நேர இடைவெளியில், பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனும் ஆடம்ஸும் காலமானார்கள். தான் சொல்லாத தேதியிலேயே ஆடம்ஸுக்குத் திவசம் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. என் அப்பா பிறந்தது கார்த்திகையில். பள்ளிச் சான்றிதழ்ப்படி ஜூன் 5. சேர்ப்பதற்கு வயது பத்தவில்லை என்று வாத்தியார் போட்ட தேதி. அவர் வகுப்பில் பாதிப்பேர் ஜூனில் பிறந்தவர்கள்! வாழ்த்துக் குறுஞ்செய்தி ஜூனில் வரும், பாயசம் கார்த்திகையில். மாநிலத்துக்கே அதே கதைதான். 1956 நவம்பர் 1இல் எல்லை பிரிந்தது; தமிழ்நாடு என்று பெயர் மாற்றச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. எது தமிழ்நாடு நாள் என்ற வாதத்துக்கு நடுவே 2021இல் அரசு ஜூலை 18 என்று அறிவித்தது. பிறந்த நாள் ஒன்று, பெயர் வைத்த நாள் ஒன்று. இரண்டுக்கும் பாயசம் வைக்கலாம் என்பது என் கட்சி.

அதே ஜூலை 18இல், 1976இல், மான்ட்ரியால் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கினார். மதிப்பெண் பலகையில் வந்தது 1.00. பத்தைக் காட்டும்படி அந்தப் பலகையை அமைக்கவே இல்லை. என் ராசிக்கு நீங்கள் 'தடை' என்று போடும் நாட்களில் இந்த 1.00ஐ நினைத்துக்கொள்வேன்.

ஒரே சொல்லில் பலன் சொல்வதில் உங்களுக்கு முன்னோடி பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி. 1789 ஜூலை 14 அன்று தன் நாட்குறிப்பில் அவர் எழுதியது: 'ஒன்றுமில்லை'. வேட்டையில் எதுவும் சிக்கவில்லையாம். அன்றுதான் பாரிஸில் பாஸ்டில் சிறைக்கோட்டை புரட்சிக்காரர்கள் கையில் விழுந்தது. (உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர்.) பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியில் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். 2013இல் அதே ஜூலை 14தான் நம் ஊர்த் தந்திக்கும் கடைசி நாள். தந்தி என்ற சொல்லைக் கேட்டாலே யாரோ போய்விட்டார்கள் என்று அழ ஆரம்பித்த ஜனங்கள், அன்று ஞாபகத்துக்காக வரிசையில் நின்று தந்தி அடித்தார்கள்.

1896 ஜூலை 7இல் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் பிரான்ஸின் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படங்கள் ஓடியது, நாட்டின் முதல் சினிமாக் காட்சி, இதையும் இடம் இருந்தால் சேருங்கள். தோனி பிறந்தநாளும் ஜூலை 7தான். அதை நீங்கள் விட்டாலும் தெருமுனையில் பேனர் வைத்துவிடுவார்கள்.

காலண்டரைப் பார்த்து யார் கொண்டாடப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆப்பிள் போனில் காலண்டர் எமோஜியைத் தேடிப் பாருங்கள், ஜூலை 17 என்று இருக்கும். தங்கள் காலண்டர் மென்பொருளை 2002இல் அவர்கள் அறிவித்த தேதி அது. அந்தப் படத்தைப் பார்த்தே 2014 முதல் ஜூலை 17ஐ உலக எமோஜி தினமாகக் கொண்டாடுகிறார்கள். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத காலண்டர் அது. உங்களுடையது எங்கள் சுவரில் ஆணி அடித்துத் தொங்குகிறது.

எல்லாவற்றையும் போட முடியாவிட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஜூலை 21 திங்கட்கிழமையில் வருகிற வருடத்தில், ராகு காலம் 7.30 - 9.00 என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்ஸ் தடம். கீழே பரிகாரம் தயிர் என்பது அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அரிசி டின் பக்கத்திலிருந்து ஒரு வாசகி