சண்டி மாடு

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ அழாத குறையாகச் சொன்ன அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை. ஆண்டு மதிப்பீட்டில் உன்னை 'ரெஸ்டிவ்' என்று எழுதிவிட்டார்களாம். ரெஸ்ட் எடுக்கிறவள், சோம்பேறி என்று நீயே அர்த்தம் எடுத்துக்கொண்டாய். இல்லைப் பிள்ளை, அந்தச் சொல்லுக்குள் ஓய்வே கிடையாது.

ஓய்வைக் குறிக்கும் ரெஸ்ட் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ரெஸ்டிவ் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பின்தங்கி நிற்பது என்பதுதான் மூலம். மீதியைக் குறிக்கும் இன்னொரு ரெஸ்ட் இருக்கிறதே, அதற்குத்தான் இது சொந்தம். முதலில் நகர மறுக்கும் குதிரையைத்தான் அப்படிச் சொன்னார்கள். எங்கள் சண்டி மாடு! பெரியப்பாவின் வண்டியில் ஒரு வெள்ளை எருது இருந்தது. ஒழுங்கை முடக்கு வந்ததும் நின்றுவிடும். அடித்தால் முன்னங்காலை மடித்துப் படுத்துவிடும். பெரியப்பா நுகத்தைக் கழற்றிவிட்டு, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே குந்தியிருப்பார்.

மறுக்கிற குதிரை சும்மா நிற்குமா? கடிவாளத்தை இழுக்கும், பக்கவாட்டில் விலகும், துள்ளும். சொல்லும் அதோடு சேர்ந்து துள்ளலுக்கு மாறிவிட்டது. இப்போது அடக்கி வைத்த இடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பவருக்கு அந்தப் பெயர். ரெஸ்ட்லெஸ் வேறு. இரவில் தனியாகப் புரண்டு படுக்கலாம், அதற்கு யாரும் பிடித்துவைக்கத் தேவையில்லை. ரெஸ்டிவ் என்றால் கயிற்றின் மறுமுனையில் ஒருவர் வேண்டும். முந்தாநாள் காலி வீதியில் ஒரு தாய் தேங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றார். கையில் நாலு வயதுப் பொடியன். மணிக்கட்டை முறுக்குகிறான், செருப்பைக் கழற்றி எறிகிறான், கடைசியில் அந்தக் கையிலேயே தொங்குகிறான். வெளிநாட்டுச் செய்திகளில் அரசுக்கு அடங்காத மாகாணங்களுக்கும் இந்தச் சொல்தான் வரும். எழுதுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பாராட்டு என்று உன்னைத் தேற்ற மாட்டேன், குறைதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மூன்று வருடமாக அதே வேலை என்று நீதானே சொல்கிறாய்? எழுதியவரிடமே போய், எதை வைத்து அப்படித் தோன்றியது என்று கேள். சண்டைக்குப் போகாதே, சரியா.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. உங்கள் பக்கம் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அப்பா