நாடக டீச்சருக்கும் பாட்டு சாருக்கும்

நேற்றுத்தான் நாடகம் முடிந்தது. மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஆறப்போட்டு எழுதினால் சம்பிரதாயமாகிவிடும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். இந்த வருடம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது, அதற்கப்புறம் மகள் எப்படி வாயே திறக்காமல் இருந்தாள் என்பதெல்லாம் இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். அதற்குள் மறுபடி போக விருப்பமில்லை.

டீச்சர், அவளை நாடகத்தில் சேர்த்திருக்கிறீர்கள் என்று தகவல் வந்தபோது எங்களுக்குப் பயம்தான். பேசாத பிள்ளையை மேடையேற்றி என்ன செய்வீர்கள்? மரமாகவோ தூணாகவோ ஓரத்தில் நிற்கவைப்பது வழக்கம்தானே. நீங்களோ முழு வசனப் பிரதியையும் ஒரு பென்சிலையும் கையில் கொடுத்து, "நீதான் ப்ராம்ப்டர்" என்று சொல்லிவிட்டீர்கள்.

பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. அதில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தப் பிரதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. நடிகர் வேண்டுமென்றே நிறுத்துகிற இடங்களிலெல்லாம் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாள். நிறுத்தத்தை மறதி என்று எண்ணி முந்திக்கொண்டால் காட்சியே கெட்டுவிடுமே! முழு வரியையும் சொல்லாதே, முதல் இரண்டு மூன்று சொல் போதும், மிச்சம் தானாக வந்துவிடும் என்று ஒரு குறிப்பு. "தாளைப் பார்க்காதே, முகத்தைப் பார்" என்று உங்கள் கையெழுத்தில் இன்னொன்று. தாளைப் பார்க்கக் கூடாதென்றால் எல்லாருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தாக வேண்டும். எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவள், ராத்திரியெல்லாம் ராஜாவுக்கும் மந்திரிக்கும் சேவகனுக்கும் சேர்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்போம்.

மனசு எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லையாம். "மூணாவது காட்சிக்குக் குறிப்பு போட்டாச்சா?" என்றுதான் கேட்பீர்களாம். நேற்று ராத்திரி அவளே சொன்னாள். ஊர் முழுக்க அவளைப் பாவமாகப் பார்த்த நேரத்தில், வேலை முடியவில்லை என்று ஒருவர் அவளைக் கடிந்துகொண்டது எவ்வளவு பெரிய மருந்து தெரியுமா டீச்சர்!

சும்மா கிசுகிசுத்தால் தொண்டைதான் வறளும், மேடைக்குக் கேட்காது. சத்தம் போட்டால் சபைக்கே கேட்டுவிடும். இதற்கு வழி கேட்டுத்தான் பாட்டு சாரிடம் அனுப்பினீர்கள். சார், குரலைத் தாழ்த்தி மெய்யெழுத்துகளைத் தெளிவாக அழுத்தச் சொல்லிக் கொடுத்ததோடு நீங்கள் விட்டிருக்கலாம். கையோடு அவளைக் குழுப்பாட்டின் கடைசி வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். நீண்ட வரிகளில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு அறுந்துவிடும், மாறி மாறித்தான் எடுக்க வேண்டும் என்பீர்களாமே. "பக்கத்திலிருப்பவள் மூச்சு எடுக்கிற இடத்தில் நீ பாடணும்" என்று சொன்னபின் அவளால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

நேற்று ராஜா இரண்டு இடத்தில் தடுமாறினானாம். சபையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது எங்கே என்று கடைசிவரை தெரியவில்லை. நல்ல ப்ராம்ப்டருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று நீங்கள் சிரித்தீர்கள், டீச்சர்.

வகுப்பாசிரியை, ஒத்திகை முடியும்வரை காத்திருந்த வேன் ஓட்டுநர், பொறுமையாக இருந்த கவுன்சலர், உடை தைத்த அம்மாக்கள், அவளைத் தங்களில் ஒருத்தியாகவே நடத்திய பிள்ளைகள், எல்லாருக்கும் எங்கள் நன்றி. பெயர் சொல்லத் தொடங்கினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பாட்டு, நாடக பீரியட்தான். கணக்குக்குக் கூடுதல் நேரம் வேண்டுமென்று பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து அதைக் கேட்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவோம். இனி அப்படிக் கேட்டால் எதிர்த்துப் பேச நான் எழுந்திருப்பேன். அப்புறம், அடுத்த நாடகத்துக்குப் பலகை தூக்க, ஆணி அடிக்க ஆள் வேண்டுமென்றால் எங்களுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்ப வேண்டும்.